மனச்சோர்வு மாத்திரை கேட்குமா, கேட்காதா? முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனைகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் ஓடிவிட்டது, சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அப்போதுதான் பரிசோதனைகளின் பெயர்கள் காதில் விழத் தொடங்கும். ஜீன் டெஸ்ட் எடுத்தால் எந்த மாத்திரை சரிப்படும் என்று தெரிந்துவிடும் என்பார் ஒருவர். மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்பார் இன்னொருவர். ரத்தத்தில் அழற்சி இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு வீடியோ சொல்லும். கடலூரிலோ புதுச்சேரியிலோ இருப்பவருக்கு இவை எட்டாத தூரத்தில் இல்லை. ரத்தத்தை இங்கே எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொடுக்கும் காசுக்கு மருந்துச் சீட்டில் ஒரு வரியாவது மாறுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இவற்றை ஒப்பிட அந்த ஒரே அளவுகோல் போதும். ரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "ரிசல்ட் கூடுதலா வந்தா என்ன செய்வீங்க, குறைவா வந்தா என்ன செய்வீங்க, டாக்டர்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பரிசோதனை ஆராய்ச்சிக்கு உதவலாம், உங்களுக்கு உதவாது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற குறி இருந்தால் டிராஸ்டுசுமாப் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் கொடுப்பதில்லை. அப்படி மருந்தைச் சுட்டிக்காட்டும் உயிரியல் குறி, அதாவது பயோமார்க்கர், மனச்சோர்வுக்கு இன்னும் அமையவில்லை. ஆராய்ச்சியில் பேசப்படுபவை இரண்டு வகை. ஒரு வகை, எந்த மருந்தைக் கொடுத்தாலும் இவர் தேறுவது எளிதா கடினமா என்று மட்டும் சொல்லும். இன்னொரு வகை, இவருக்கு இந்த மருந்தைவிட அந்த மருந்து மேல் என்று சொல்லும். விற்பவர்கள் முதல் வகையை இரண்டாவது போலப் பேசிவிடுவார்கள். கேட்பவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் அது.

இந்தத் தேடலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் முதல் கட்ட முடிவு 2006-இல் வந்தது. 2,876 பேருக்கு சிட்டாலோபிராம் கொடுத்துப் பார்த்ததில், நோய்க்குறிகள் ஏறத்தாழ முழுவதுமாக அடங்கியவர்கள் 28 முதல் 33 சதவீதம்தான்; எந்தக் கேள்வித்தாளால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறியது. மூன்றில் இரண்டு பேருக்கு முதல் மருந்து மட்டும் போதவில்லை. ஆகவே முதல் மாத்திரை கேட்காமல் போவது வழக்கமாக நடப்பதுதான். நோயாளி மனம் வைக்காததால் வந்த குறை என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனை

பெயரில் கவர்ச்சி இல்லாததால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சீட்டு மாறும் வாய்ப்பு அதிகம் உள்ளது இதில்தான் என்பது எங்கள் கருத்து. தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, சோடியம், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை. கறாராகப் பார்த்தால் இவை பயோமார்க்கர்கள் அல்ல. மருந்து ஏன் எடுபடவில்லை என்பதற்கு வேறு காரணம் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று காட்டுபவை. இவற்றில் பெரும்பாலானவற்றை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம்; தனியாரிலும் செலவு ஜீன் பரிசோதனையோடு ஒப்பிடும்போது சொற்பம்.

திருப்பாதிரிப்புலியூரில் கடை நடத்தும் 52 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சர்க்கரைக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின். வயிற்றெரிச்சலுக்கு இரண்டு வருடமாக ஓமிப்ரசோல், அதுவும் மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்குவது. மனச்சோர்வுக்கு ஆறு வாரமாக எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. அழுகை குறைந்திருக்கிறது. ஆனால் அசதி, மறதி, உள்ளங்கால் எரிச்சல் அப்படியே இருக்கின்றன. மெட்ஃபார்மினும் ஓமிப்ரசோலும் இரண்டுமே நாளடைவில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைப்பவை. பி12 மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் அது குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி, அங்கே ஹோமோசிஸ்டீனோ மெத்தில்மலோனிக் அமிலமோ பார்த்தால் தெளிவாகும். இவருக்கு 170 என்று வந்தால் மனச்சோர்வு மருந்தை மாற்றும் அவசரம் இல்லை, பி12 ஊசிக்குத்தான் அவசரம். உள்ளங்கால் எரிச்சல் சர்க்கரையாலும் வரும், ஆகவே அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று: பரிசோதனைக்கு முந்தைய வாரம் அசதிக்காக பி-காம்ப்ளெக்ஸ் சத்து மாத்திரை போட்டிருப்பார்கள். ரத்தத்தில் எண் நார்மலாக ஏறியிருக்கும், நரம்பின் குறை அப்படியே இருக்கும். முதலில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு சத்து மாத்திரை தொடங்குங்கள்.

தைராய்டிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. முடி உதிர்வதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச். எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்; பெரிய டோஸ் என்றால் இன்னும் முன்பே. டி.எஸ்.எச். 10-க்கு மேல் போயிருந்தால் பொதுவாக தைராக்சின் தொடங்குவார்கள். அதற்கும் நார்மலுக்கும் இடைப்பட்ட எண் என்றால் ஃப்ரீ டி4 என்ற இன்னொரு தைராய்டு எண்ணுடன் சேர்த்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பதே முறை. தைராக்சின் டோஸ் சரியா என்று தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் மனச்சோர்வு மாத்திரை தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

வயதானவர்களுக்கு சோடியத்தை விட்டுவிடவே கூடாது. 65 வயதைத் தாண்டி, ரத்தக்கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு எஸ்சிட்டாலோபிராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்து தொடங்கினால் சோடியம் 135-க்குக் கீழே இறங்கலாம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் இறங்கும். அப்போது வரும் அசதி, பசியின்மை, தடுமாற்றம், குழப்பம் எல்லாம் மனச்சோர்வு முற்றிவிட்டது போலவே தோன்றும். டோஸைக் கூட்டினால் சோடியம் இன்னும் இறங்கும். தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு சோடியம் பார்த்தால் இந்தச் சுழலில் சிக்காமல் இருக்கலாம்.

குடிப்பழக்கம் இருப்பவர் அதை மறைக்காமல் சொல்வது எந்தப் பரிசோதனையையும்விட மேல். சொல்லாவிட்டாலும் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் எண் பல சமயம் காட்டிக்கொடுக்கலாம். நாள்தோறும் குடித்துக்கொண்டே சாப்பிடும் மாத்திரை கேட்கிறதா என்று எந்தப் பரிசோதனையாலும் கணக்குப் போட முடியாது.

ஜீன் பரிசோதனை

அதிகம் விற்கப்படுவது இதுதான். அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், அல்லது ஊதா மூடிக் குழாயில் சில மி.லி. ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு தேவையில்லை, மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. முடிவு வரச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். செலவு ஆயிரக்கணக்கில்.

இந்தப் பரிசோதனை உண்மையில் பார்ப்பது மூளையை அல்ல, கல்லீரலை. மாத்திரையைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் உங்களிடம் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. மனச்சோர்வு மருந்துகளுக்கு முக்கியமானவை இரண்டு. எஸ்சிட்டாலோபிராம், சிட்டாலோபிராம், செர்ட்ராலின் ஆகியவற்றைச் சிதைப்பதில் சிஒய்பி2சி19 என்ற நொதிக்குப் பெரிய பங்கு. பராக்செடின், வென்லாஃபாக்சின், நார்ட்ரிப்டிலின் போன்றவற்றுக்கு சிஒய்பி2டி6. அமிட்ரிப்டிலினுக்கு இரண்டுமே வேண்டும்.

நம் பகுதிக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடம் சிஒய்பி2சி19 மரபணுவைப் பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்யாத 'ஸ்டார் 2' வடிவம் ஏறத்தாழ 38 சதவீதம், 'ஸ்டார் 3' ஏறத்தாழ 2 சதவீதம். இரண்டும் சேர்த்து, நூறு மரபணுப் பிரதிகளில் 40. ஒவ்வொருவருக்கும் இந்த மரபணுவின் பிரதி இரண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டுமே வேலை செய்யாததாக அமையும் வாய்ப்பு 0.40 × 0.40, அதாவது 0.16. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். ஐரோப்பியர்களில் இது நூற்றுக்குச் சில பேர்தான். அங்கே நடந்த ஆய்வைப் பார்த்து, மெதுவாகச் சிதைப்பவர்கள் அபூர்வம், இதைப் பார்ப்பது வீண் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெதுவாகச் சிதைப்பவராக இருந்தால் என்ன ஆகும்? எஸ்சிட்டாலோபிராம் சாப்பிட்ட 2,087 நார்வே நோயாளிகளின் ரத்த அளவுகளைப் பார்த்த 2018 ஆய்வில், இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் மருந்து மற்றவர்களைவிட 3.3 மடங்கு இருந்தது. ஒரு வருடத்துக்குள் வேறு மருந்துக்கு மாற்றப்பட்டதும் அவர்களிடையே 3.3 மடங்கு. மிக வேகமாகச் சிதைப்பவர்களும் ஏறத்தாழ மூன்று மடங்கு மாற்றப்பட்டார்கள். அவர்களுக்கு மருந்து போதவில்லை. 10 மி.கி. மாத்திரை ஒருவருக்கு 30 போலவும் இன்னொருவருக்கு 8 போலவும் வேலை செய்தால் டோஸ் சரியா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

சிபிக் என்ற பன்னாட்டு வழிகாட்டுக் குழு 2023-இல் சொன்னது தெளிவானது. சிஒய்பி2சி19 மெதுவாக வேலை செய்பவருக்கு செர்ட்ராலினைக் குறைந்த டோஸில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, வழக்கமான பராமரிப்பு டோஸில் பாதி அளவையே தொடர்ந்து கொடுக்கலாம். அல்லது இந்த நொதியை நம்பாத மருந்துக்குப் போகலாம். எஸ்சிட்டாலோபிராமுக்கு ஐரோப்பிய மருந்துக் குறிப்பு முதல் இரண்டு வாரம் 5 மி.கி., அதன்பின் அதிகபட்சம் 10 மி.கி. என்கிறது. சிட்டாலோபிராமில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு வைத்த உச்சவரம்பு 20 மி.கி.; காரணம் இதயத் துடிப்பில் க்யூ.டி. இடைவெளி நீளும் அபாயம். இதெல்லாம் சீட்டை மாற்றும் தகவல். எங்கள் அளவுகோலில் இது தேறுகிறது.

ஆனால் எவ்வளவு தேறுகிறது என்பதற்கும் அளவு உண்டு. ஜீன் அறிக்கை பார்த்து மருந்து கொடுத்தால் அதிகம் பேர் குணமாகிறார்களா என்று அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 1,944 பேரிடம் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். பொருந்தாத மருந்து எழுதப்படுவது நன்றாகக் குறைந்தது. நோய் அடங்கியவர்கள் எண்ணிக்கை இடையில் சற்றுக் கூடியது. 24-ஆம் வாரத்தில் அறிக்கை பார்த்த குழுவில் 130 பேர், பார்க்காத குழுவில் 126 பேர். வேறுபாடு பெயரளவுக்குத்தான். பக்கவிளைவையும் டோஸையும் சரிசெய்ய உதவும் பரிசோதனை இது. எந்த மாத்திரை உங்கள் சோர்வைப் போக்கும் என்று இது சொல்லாது. அப்படிச் சொல்வதாக விளம்பரம் செய்த சில பரிசோதனைகளைப் பற்றி அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-இலேயே எச்சரித்தது.

அறிக்கை கையில் வந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மருந்துப் பட்டியல் இருக்கும். பச்சையில் இருப்பது குணமாக்கும் மருந்து என்று படிக்காதீர்கள். வழக்கமான டோஸில் தரலாம், அவ்வளவுதான். அடுத்து, 'ஸ்டார் 1' என்று போட்டிருந்தால், அவர்கள் தேடிய மாற்றங்கள் எதுவும் அகப்படவில்லை என்று பொருள். தேடாத மாற்றம் இருக்கலாம். சிஒய்பி2டி6 பரிசோதனையில் மரபணு முழுவதுமாகக் காணாமல் போவதும், பிரதி இரட்டிப்பதும் உண்டு. பிரதி எண்ணிக்கை பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காத அறிக்கை பாதி அறிக்கை. பிறகு எஸ்.எல்.சி.6.ஏ.4, எச்.டி.ஆர்.2.ஏ., பி.டி.என்.எஃப்., சி.ஓ.எம்.டி. என்று வரிசையாக வேறு மரபணுக்களின் பக்கங்கள் வரும். முதல் இரண்டையும் ஆராய்ந்த அதே சிபிக் குழு, அவற்றை வைத்து மருந்து தேர்ந்தெடுக்கப் பரிந்துரை எதுவும் தரவில்லை. மற்றவையும் அப்படியே. மனச்சோர்வுக்கான பழைய பிரபல மரபணுக்கள் பெருந்திரள் தரவில் தற்செயலைத் தாண்டவில்லை என்று 2019-இல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போங்கள்.

இன்னொரு விஷயத்தை அறிக்கை சொல்லாது. மரபணு மாறாது, நொதியின் வேகம் மாறும். முன்பு சொன்ன கடைக்காரரின் ஓமிப்ரசோல் சிஒய்பி2சி19-ஐத் தடுக்கிறது, 30 மி.கி. ஓமிப்ரசோல் சேர்ந்தால் எஸ்சிட்டாலோபிராமின் ரத்த அளவு ஏறத்தாழ 50 சதவீதம் கூடும் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. வயிறு சரியாகிவிட்டது என்று அவர் ஒரு நாள் ஓமிப்ரசோலை நிறுத்தினால் அளவு இறங்கும், சில வாரத்தில் மனம் மறுபடி தொய்யும், மாத்திரை பழகிவிட்டது என்று பேச்சு வரும். பேன்டோப்ரசோலில் இந்தத் தொல்லை குறைவு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் இழுக்கும். நொதியை வேகப்படுத்தி மனச்சோர்வு மருந்தின் அளவைக் குறைக்கும். ஃப்ளூயாக்செடினும் பராக்செடினும் புப்ரோபியானும் சிஒய்பி2டி6-ஐ அடைத்துவிடும். மரபணுவில் நார்மலாக இருப்பவர்கூட அவற்றைச் சாப்பிடும்போது மெதுவாகச் சிதைப்பவராகிவிடுவார். ஆகவே ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் மேஜையில் கொட்டுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. பாதிச் சந்தேகம் அங்கேயே தீரலாம்.

சி.ஆர்.பி.

உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் வெளியிடும் புரதம் இது. ஆராய்ச்சியில் சற்று நம்பிக்கை தந்த குறிகளில் ஒன்று. ஐரோப்பாவில் 241 பேரிடம் பார்த்து 2014-இல் வெளியான முடிவில், சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிட்டாலோபிராமும், 1 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலினும் மேலாக இருந்தன. 2017-இல் 106 பேரை வைத்து வந்த அமெரிக்க அலசலும் அதே திசையைக் காட்டியது. அங்கே அழற்சி கூடியவர்களுக்கு எஸ்சிட்டாலோபிராமோடு புப்ரோபியான் சேர்த்தது கை கொடுத்தது. இந்த மருந்தா அந்த மருந்தா என்று சொல்லும் இரண்டாவது வகைக் குறி என்பதால் பெயர் பெற்றது. ஆட்கள் எண்ணிக்கை சின்னது. சி.ஆர்.பி.யை முதலில் பார்த்து, அதன்படி மருந்து பிரித்துக் கொடுத்து, பலனை உறுதி செய்த பெரிய சோதனை கையில் வந்தால் பேச்சு வேறு.

நடைமுறையில் கவிழ்வது எங்கே என்றால், பரிசோதனையின் பெயரில். சாதாரண சி.ஆர்.பி. பல ஆய்வகங்களில் கண்ணாடித் தகட்டில் திரள்கிறதா என்று பார்க்கும் முறை. லிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழே எல்லாம் 'நெகட்டிவ்'. 0.4-ஐயும் 4-ஐயும் அது பிரிக்காது, நமக்கு வேண்டிய கோடோ 1-இல் இருக்கிறது. சீட்டில் 'எச்.எஸ். சி.ஆர்.பி.' என்று எழுதியிருக்க வேண்டும். அலகையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 0.1 என்பதும் லிட்டருக்கு 1 என்பதும் ஒன்றே. 10-ஐத் தாண்டினால் அது மனச்சோர்வைப் பற்றிய செய்தி அல்ல. சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல் ஈறு வீக்கம் எதுவோ இருக்கிறது. அது அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். உடல் எடை கூடியவர்கள், புகைப்பவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம் சும்மாவே எண் ஏறி இருக்கும்.

எண் கூடினால் அழற்சி மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2013-இல் 60 பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பலன் இல்லை. சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் ஏதோ தென்பட்டது, குறைவாக இருந்தவர்கள் வெற்று மருந்தில் இருந்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். வலி மாத்திரையைத் தினம் போட்டுக்கொள்ள இது சாக்கு இல்லை, எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு அபாயம் கூடும்.

இ.இ.ஜி., ஸ்கேன்

சுருக்கமாக முடித்துவிடலாம். இ.இ.ஜி. காட்டும் மூளை அலைகளைக் கணினியில் அலசி மருந்து கேட்குமா என்று சொல்லும் முறைகளைப் பற்றிய கட்டுரைகளை எல்லாம் ஒன்றுசேர்த்து 2019-இல் ஆராய்ந்தவர்கள், மருத்துவத்தில் பயன்படுத்தும் அளவுக்கு நம்பகம் இல்லை, நல்ல முடிவு வந்தவை மட்டுமே அச்சேறிய சாயலும் தெரிகிறது என்றார்கள். பெட் ஸ்கேனில் வலது முன் இன்சுலா என்ற மூளைப் பகுதியின் சர்க்கரைச் செலவு குறைவாக இருந்தவர்களுக்குப் பேச்சு சிகிச்சையும், கூடுதலாக இருந்தவர்களுக்கு எஸ்சிட்டாலோபிராமும் சரிப்பட்டது என்று 2013-இல் வந்த ஆய்வு அழகானது. ஆனால் அதை வைத்து இங்கே யாரும் சீட்டு எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. வைத்து மனச்சோர்வை நான்கு வகையாகப் பிரித்த 2017 ஆய்வின் முறையை வேறொரு குழு திருப்பிச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. பக்கவாதம், வலிப்பு, கட்டி, திடீர் மறதி போன்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டும், அது வேறு கணக்கு.

இந்தத் துறையில் கை சுட்டுக்கொண்ட வரலாறு பழையது. 1981-இல் டெக்சாமெத்தசோன் பரிசோதனை பெரிதாகப் பேசப்பட்டது. இரவு 11 மணிக்கு 1 மி.கி. மாத்திரை, மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் கடும் மனச்சோர்வு. சில வருடத்திலேயே எடை குறைந்தவர்களிடமும், மறதி நோயாளிகளிடமும், குடியை நிறுத்தியவர்களிடமும் அதே முடிவு வந்து பெயர் கெட்டது. புதிதாக வரும் எதையும் அந்த நினைப்போடு பார்ப்பது நல்லது.

இரண்டாம் வாரக் கணக்கு

ரத்தமும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், பி.எச்.க்யூ.-9 என்ற, ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 முதல் மிதமான சோர்வு, 20 முதல் கடுமை. மாத்திரை தொடங்கும் நாளில் ஒன்று, இரண்டாம் வாரம் ஒன்று, நான்காம் வாரம் ஒன்று என்று தேதியோடு நிரப்பி வையுங்கள். 5 புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம், பாதியாகக் குறைந்தால் மருந்து கேட்கிறது, 5-க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர எது வந்தாலும் எந்தப் பரிசோதனைக்காகவும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரவு நேரமானால் டெலி-மனஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

இரண்டு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முன்னேறாதவர் அதே மருந்தில் பின்னால் நன்றாகத் தேறும் வாய்ப்பு குறைவு என்பது 6,562 பேரின் தரவை வைத்து 2009-இல் காட்டப்பட்டது. விலையுயர்ந்த எந்தக் குறியும் இதைவிடப் பெரிதாகச் சாதித்ததில்லை. ஆனால் எங்கள் அளவுகோலை இதற்கும் வைத்துப் பார்க்க வேண்டுமே. ஜெர்மனியில் 14-ஆம் நாளில் முன்னேறாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே மருந்தை மாற்றி, இன்னொன்றுக்கு வழக்கப்படி தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு வாரத்தில் அடங்கியவர்கள் 24 சதவீதமும் 22 சதவீதமும். கணிப்பு சரியாகவே இருந்தாலும் அவசரமாக மாற்றியதில் லாபம் இல்லை. எனவே இரண்டாம் வார எண் குறையவில்லை என்றால் செய்ய வேண்டியது மாத்திரையை வீசுவது அல்ல. தினமும் சாப்பிடுகிறாரா, டோஸ் போதுமா, ரத்தப் பரிசோதனையில் ஏதாவது விட்டுப்போனதா என்று அந்த வாரமே தோண்டுவது. நான்காம் வாரமும் அசையாவிட்டால் டோஸைக் கூட்டுவதா மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். தானாக நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு, எரிச்சல் வரலாம். அதை நோய் திரும்பியதாக நினைத்துக் குழம்ப நேரிடும்.

ரத்தத்தில் மருந்தின் அளவையே பார்ப்பது இன்னொரு வழி. நார்ட்ரிப்டிலினுக்கு இது பழைய, நம்பகமான முறை: மி.லி.க்கு 50 முதல் 150 நானோகிராம். அதற்கு மேல் போனால் பலன் கூடுவதற்குப் பதில் குறையும். மனச்சோர்வு மாத்திரைக்குத் துணையாக லித்தியம் சேர்த்திருந்தால் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். எஸ்.எஸ்.ஆர்.ஐ.களுக்கு இதைத் தினசரி வழக்கமாகப் பார்ப்பதில்லை.

யாருக்கு எது

முதன்முறையாக மாத்திரை தொடங்குபவருக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையும் ஒன்பது கேள்வியும் போதும். வயது 60-ஐத் தாண்டியவருக்கும், இதய நோய் உள்ளவருக்கும் ஒரு ஈ.சி.ஜி. சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் ஜீன் பரிசோதனைக்குக் காசு போடுவதைவிட அதே பணத்தில் கோரிமேடு ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ நான்கு முறை தவறாமல் போய்வருவது அதிகப் பலன் தரும். குறித்த நாளில் மறுபடி வராமல் போவதுதான் மருந்து தோற்பதற்கு எளிதில் தவிர்க்கக்கூடிய காரணம்.

ஜீன் பரிசோதனை எடுக்கலாம் என்று நாங்கள் சொல்வது இவர்களுக்கு: 5 மி.கி. எஸ்சிட்டாலோபிராமுக்கே குமட்டலும் நடுக்கமும் தாங்காதவர்; முழு டோஸில் தவறாமல் சாப்பிட்டும் இரண்டு மருந்து தோற்றவர்; அமிட்ரிப்டிலின் அல்லது நார்ட்ரிப்டிலினுக்குப் போகவிருப்பவர்; ஒரே நேரத்தில் பல மருந்து சாப்பிடும் முதியவர். அப்போதும் ஐம்பது மரபணுப் பட்டியல் வேண்டாம். சிஒய்பி2சி19, பிரதி எண்ணிக்கையோடு சிஒய்பி2டி6, இவை இரண்டும் போதும். எச்.எஸ். சி.ஆர்.பி.யை இரண்டு மருந்துகளுக்கு இடையே மருத்துவரே சமமாக ஊசலாடும்போது மட்டும் பார்க்கலாம். அதுவும் மற்ற காரணங்களைத் தாண்டி முடிவைத் தீர்மானிக்க விடாமல். மாயக்குரல், குற்ற உணர்வு மாயை, சாப்பாட்டையே நிறுத்திவிடுவது என்ற அளவுக்குக் கடுமை போயிருந்தால் பலனைக் கணிக்கும் பரிசோதனை எதுவும் தேவையில்லை. அந்த அறிகுறிகளே மின்னதிர்வு சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்கும் என்பதற்கான குறிகள், வயது கூடியவர்களில் இன்னும் அதிகமாக.

ஜீன் அறிக்கையை எடுத்தவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எடுத்தால் மறுமுறை வேண்டியதில்லை. சிஒய்பி2சி19 மெதுவானவர் என்று அதில் இருந்தால் இதய மருத்துவரிடமும் காட்ட வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் கொடுக்கும் குளோபிடோக்ரல், இந்த நொதி இல்லாமல் செயல்படும் வடிவத்துக்குப் போதுமான அளவு மாறாது. அவர்களுக்கு வேறு மருந்து எழுத வேண்டியிருக்கும்.